தளத்தில் சரி, கூகுளில் பிழை: ஹெட்லெஸ் சிஎம்எஸ் மெட்டா தரவுகளை அறிகுறி பார்த்துத் திருத்துதல்

நுவரெலியாவில் ஒரு தங்குமிடத்துக்கு மும்மொழித் தளம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளடக்கம் ஸ்ட்ராபி என்ற சிஎம்எஸ்ஸில் (உள்ளடக்க மேலாண்மை அமைப்பு) இருக்கிறது, பக்கங்களை நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற நிரல் சட்டகம் கட்டுகிறது. அறைகள், விலை, ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழி எல்லாம் திரையில் ஒழுங்காக வருகின்றன. ஆனால் கூகுளில் வேறு தலைப்பு. வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் வெறும் முகவரி. சிங்களத்தில் தேடுபவருக்குத் தமிழ்ப் பக்கம். தனித்தனி முறைப்பாடுகளாகத் தெரிந்தாலும் அநேகமாக எல்லாவற்றிலும் நடந்திருப்பது ஒன்றுதான்: மெட்டா தரவு, அதாவது பக்கத்தைப் பற்றித் தேடுபொறிக்கும் செயலிகளுக்கும் சொல்லும் தலைப்பு, விவரம் போன்றவை, வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

வேர்ட்பிரஸ்ஸைத் தீமோடு சேர்த்துப் பாவிக்கும்போது டைட்டில், டிஸ்கிரிப்ஷன், கனோனிக்கல் (பக்கத்தின் மூல முகவரி எது என்று சொல்லும் குறி) எல்லாவற்றையும் தீமும் செருகுநிரலும் பக்கத்தின் ஹெட் பகுதியில் எழுதிவிடும். ஹெட்லெஸ் முறையில் சிஎம்எஸ் தரவைக் கொடுப்பதோடு நின்றுவிடும். அதை ஹெட்டில் எழுதுவது உங்கள் நிரலின் வேலை. ஆக, ஒரு தலைப்பு நான்கு தரிப்பிடங்களைத் தாண்ட வேண்டும்: ஆசிரியர் நிரப்பும் புலம், ஏபிஐ (நிரல் தரவைக் கேட்டு வாங்கும் வழி) தரும் பதில், அதை வாங்கி எழுதும் நிரல், சேவையகம் அனுப்பும் ஹெச்டிஎம்எல். அதற்கும் அப்பால் கூகுளும் வட்ஸ்அப்பும் எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்கள். எந்தத் தரிப்பிடத்தில் இறங்கிவிட்டது என்று கண்டுபிடித்தால் திருத்தம் பெரும்பாலும் இரண்டு வரிதான். கண்டுபிடிக்காமல் செருகுநிரலுக்கு மேல் செருகுநிரல் போட்டால் ஒரே பக்கத்தில் இரண்டு டைட்டில் வந்து நிற்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

உலாவியின் இன்ஸ்பெக்ட் பலகையை நம்ப வேண்டாம். அது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகுள்ள நிலை. சேவையகம் அனுப்பிய மூலத்தைப் பாருங்கள்: கணினியில் கன்ட்ரோல், யூ. கைப்பேசிக் குரோமில் முகவரிக்கு முன்னால் வியூ-சோர்ஸ் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தால் போதும்.

இன்னும் சரியான வழி, உலாவி இல்லாமல் பக்கத்தைக் கேட்டு வாங்கும் கேர்ல் கட்டளை. அதற்குக் கேட்பவர் யார் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் பெயரைக் கொடுத்து, ஒரு தடவை சாதாரண உலாவியாகவும் ஒரு தடவை பேஸ்புக்கின் வாசிப்பியாகவும் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ் 15.2 முதல் இது முக்கியம். அந்தப் பதிப்பிலிருந்து சாதாரண உலாவிக்கு மெட்டா தரவு பிந்தி, பொடி எனப்படும் பக்கத்தின் உடல் பகுதியில் வரலாம். பேஸ்புக் போன்ற, ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாத வாசிப்பிகளுக்கு மட்டும் அது முன்போலவே ஹெட்டில் போகும். இது தெரியாமல் மூலத்தைப் பார்த்து, ஹெட்டில் டைட்டில் இல்லையே என்று நல்ல நிரலைப் பிரித்துப்போடுவது வீண் வேலை.

அடுத்து, ஏபிஐ முகவரியை உலாவியில் நேரடியாகத் திறந்து, அது தரும் ஜேசன் தரவைப் பாருங்கள். மூலத்தில் இல்லாதது ஜேசனில் இருந்தால் பிழை நிரலில். ஜேசனிலும் இல்லையென்றால் கேள்வியில் அல்லது புலத்தில்.

உலாவியின் தாவலில் தலைப்பு வருகிறது, மூலத்தில் இல்லை

பக்கம் முழுவதும் உலாவியிலேயே கட்டப்படுகிறது என்று அர்த்தம். ரியாக்ட்டில் ஹெல்மெட் என்ற நிரலகத்தைப் போட்டு, உலாவியில் மட்டும் ஓடும் யூஸ்எஃபெக்ட்டுக்குள் சிஎம்எஸ்ஸை அழைக்கும் தளங்களில் இதுதான் நடக்கும். கூகுள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்கும், ஆனால் அது இரண்டாவது கட்ட வேலை, பிந்தக்கூடும். வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஓட்டிப் பார்ப்பதே இல்லை.

திருத்தம்: மெட்டா தரவை எடுக்கும் அழைப்பைச் சேவையகப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ் ஆப் ரவுட்டரில் ஜெனரேட்மெட்டாடேட்டா செயற்கூறு, பழைய பேஜஸ் முறையில் கெட்ஸ்டாட்டிக்ப்ரொப்ஸ், நக்ஸ்ட்டில் யூஸ்சியோமெட்டா. முழுத் தளத்தையும் மாற்ற நேரமில்லையென்றால், ஆட்கள் அதிகம் பகிரும் பக்கங்களையாவது முன்கூட்டியே ஹெச்டிஎம்எல்லாகக் கட்டி வையுங்கள்.

சிஎம்எஸ்ஸில் எழுதியாயிற்று, ஏபிஐயில் காணவில்லை

ஸ்ட்ராபியில் அதிகம் காண்கிற பிழை இது. சியோ என்று ஒரு கொம்பனன்ட் செய்து, அதற்குள் மெட்டாடைட்டில், மெட்டாடிஸ்கிரிப்ஷன், மெட்டாஇமேஜ் வைத்திருப்பீர்கள். ஸ்ட்ராபி கொம்பனன்ட்களையும் படங்களையும் உறவுகளையும் கேட்காமல் தராது. பொப்புலேட் என்ற அளவுருவால் கேட்க வேண்டும். அதற்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நட்சத்திரம் ஒரு படி ஆழம் மட்டும்தான் போகும். சியோ வரும், அதற்குள் இருக்கும் படம் வராது. தலைப்பு சரி, படம் மட்டும் இல்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பொப்புலேட்டில் சியோவைப் பெயர் சொல்லி, அதற்குள் இன்னொரு பொப்புலேட்டாக மெட்டாஇமேஜைக் கேளுங்கள்.

ஸ்ட்ராபி 4இலிருந்து 5க்கு மாறிய பிறகு எல்லாமே வெறுமையானால் காரணம் வேறு. நான்காம் பதிப்பில் புலங்கள் அட்ரிபியூட்ஸ் என்ற உறைக்குள் இருந்தன. ஐந்தாம் பதிப்பு அந்த உறையை நீக்கிவிட்டது. பழைய நிரல் இல்லாத உறைக்குள் தேடிக்கொண்டிருக்கும்.

மொழியும் பார்க்க வேண்டும். லொகேல் அளவுருவைக் கொடுக்காவிட்டால் ஸ்ட்ராபி இயல்பு மொழியைத்தான் தரும். இயல்பு மொழி ஆங்கிலமாக இருந்தால், தமிழ்ப் பக்கத்தின் உடல் தமிழிலும் தலைப்பு ஆங்கிலத்திலும் வரும். உடலைக் கேட்கும் அழைப்பில் லொகேல் இருக்கும், மெட்டா தரவைக் கேட்கும் அழைப்பில் விடுபட்டிருக்கும். கன்டென்ட்ஃபுல் என்ற இன்னொரு சிஎம்எஸ்ஸில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் உண்டு: தமிழ்ப் புலம் காலியாக இருந்தால், நீங்கள் அமைத்துவைத்த மாற்று மொழிக்கு அது சத்தமில்லாமல் தாவிவிடும். அங்கே இணைக்கப்பட்ட பதிவுகளின் ஆழம் இன்க்ளூட் அளவுருவில் தங்கியிருக்கிறது. இயல்பு 1, அதிகபட்சம் 10. சானிட்டி என்ற சிஎம்எஸ்ஸில் படம் வெறும் குறிப்பெண்ணாக வரும். அதன் கேள்வி மொழியான குரொக்கில் அம்புக்குறி போட்டு அசெட்டின் (படக் கோப்பின்) முகவரியை எடுக்க வேண்டும்.

தமிழ்த் தலைப்பு காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதை நிரலில் தீர்மானித்துவிடுங்கள். சியோ தலைப்பு இல்லாவிட்டால் அதே மொழியின் பக்கத் தலைப்பு, அதுவும் இல்லாவிட்டால் பக்கத்தை வெளியிடாதே. வேறு மொழித் தலைப்புக்குத் தாவ விடவே கூடாது.

திடீரென்று எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு

நேற்று வரை ஒவ்வொரு அறைக்கும் தனித்தலைப்பு, இன்று எல்லாப் பக்கமும் தங்குமிடத்தின் பெயரை மட்டும் சுமந்து நிற்கிறது. யாரும் எதையும் மாற்றவில்லை. கடைசியாகத் தளம் கட்டப்பட்ட நேரத்துப் பில்ட் பதிவைத் திறந்து பாருங்கள். சிஎம்எஸ் அந்த நேரம் பதில் சொல்லாமல் இருந்திருக்கும். இலவசச் சேவையகம் பாவனையில்லாமல் உறங்கியிருக்கலாம். சிஎம்எஸ் அலுவலகக் கணினியில் ஓடினால், மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போயிருக்கலாம். நிரலில் யாரோ ட்ரை, கேட்ச் போட்டு, பிழை வந்தால் இயல்புத் தலைப்பைக் கொடு என்று எழுதியிருப்பார்கள். பில்ட் பச்சையாக முடிந்துவிடும், தளம் முழுவதும் இயல்புத் தலைப்போடு வெளியே போகும்.

அந்தக் கேட்ச்சை எடுத்துவிடுங்கள். சிஎம்எஸ் பதில் தராவிட்டால் பில்ட் தோற்கட்டும். தோற்ற பில்ட் நேற்றைய சரியான தளத்தை அப்படியே விட்டுவைக்கும். இரண்டு மூன்று தடவை, சில விநாடி இடைவெளியில் மறுபடி கேட்டுப் பார்க்கும்படி எழுதலாம். அதற்கு மேல் பிழையை விழுங்கக் கூடாது.

தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது, அல்லது புள்ளியைக் காணவில்லை

தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பகுதி இது. ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது.

டைட்டில் 60 எழுத்து, டிஸ்கிரிப்ஷன் 160 எழுத்து என்று பல சிஎம்எஸ்களில் வரம்பு போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கை நாம் எண்ணுகிற எழுத்து அல்ல, யுனிகோட் குறியீடு. நுவரெலியா என்பது நமக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் 9 என்று சொல்லும், உயிர்மெய்யின் குறியை அது தனியாக எண்ணுவதால். தேயிலைத் தோட்டம் என்பது இடைவெளியோடு 9, கணினிக்கு 16. ஆகவே 60 என்ற வரம்புக்குள் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 35 எழுத்துதான். ஆசிரியர் முழுத் தலைப்பை எழுதிவிட்டுச் சேமிக்க முடியாமல் தவிப்பார்.

வரம்பைத் தாண்டினால் நிரலே வெட்டிவிடும் தளங்களில் நிலைமை இன்னும் மோசம். கொழுந்து என்ற சொல்லை ஸ்லைஸ் கொண்டு 5இல் வெட்டினால் "கொழுந" என்று நிற்கும், புள்ளி போய்விடும். தேடல் முடிவில் இப்படி ஒரு தலைப்பைப் பார்ப்பவர், எழுதத் தெரியாதவர்கள் நடத்தும் தளம் என்றுதான் நினைப்பார்.

திருத்தம் இரண்டு. சிஎம்எஸ் புலத்தின் வரம்பைத் தமிழுக்குக் கூட்டுங்கள். டைட்டிலுக்கு 110, டிஸ்கிரிப்ஷனுக்கு 280 வைத்தால் ஆசிரியருக்கு இடம் இருக்கும். வெட்டத்தான் வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்டல் செக்மென்டரைப் பாவித்து எழுத்தெழுத்தாகப் பிரித்து, கடைசி இடைவெளியில் வெட்டுங்கள். நோட் ஜேஎஸ் 16 முதல் அது உண்டு. ஒரு சிறு குறை: க்ஷ போன்ற கூட்டெழுத்தை அது இரண்டாக எண்ணும். இடைவெளியில்தான் வெட்டுகிறோம் என்பதால் பாதிப்பில்லை.

கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறது. டைட்டிலுக்கு அது எந்த உச்ச வரம்பும் விதிக்கவில்லை. தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஆகையால் தேடுபவர் தேடும் சொல் முதல் 25, 30 எழுத்துக்குள் வரட்டும். தங்குமிடத்தின் பெயர் பின்னால் போகலாம். "நானுஓயா நிலையத்துக்கு அருகில் குடும்ப அறை" என்று தொடங்கும் தலைப்பு, பெயரோடும் வரவேற்போடும் தொடங்கும் தலைப்பைவிட எப்போதும் நல்லது.

தேடல் முடிவில் ஆங்கில எழுத்துகள் குவிந்து வருகின்றன

தளத்தில் தமிழ், கூகுளில் பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணத்திலிருந்து தலைப்பைக் கொப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பாமினியில் மலையகம் என்று தெரிவது உண்மையில் கே, ஐ, வை, ஏ, எஃப், கே, அரைப்புள்ளி என்ற வரிசை. தளத்தின் தலைப்புக்குப் பாமினி எழுத்துருவைக் கொடுத்திருந்தால் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். கூகுளுக்கும் வட்ஸ்அப்புக்கும் பார்வையற்றோர் பாவிக்கும் திரைவாசிப்பிக்கும் அது தமிழ் அல்ல.

மாற்றியால் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு தலைப்பையும் கண்ணால் வாசியுங்கள். மாற்றிகள் சில இடங்களில் ஔகாரக் குறியை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக எழுதும். பார்வைக்கு வித்தியாசமில்லை, தேடலில் கிடைக்காது. ஒகரமும் அப்படித்தான். அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். சிவனொளிபாதமலை ஒரு முறையில் 13 குறியீடு, மறுமுறையில் 14. முகவரியில் ஒன்றும் சிஎம்எஸ்ஸில் மற்றதும் இருந்தால் பக்கம் 404 காட்டும். சேமிக்கும்போதே நோர்மலைஸ் செயற்கூறால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒகரச் சிக்கல் தீரும். கொம்பும் ளகரமும் பிரச்சினை அதனால் தீராது, அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

முகவரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழில் ஸ்லக் (முகவரியில் பக்கத்தின் பெயர்ப் பகுதி) வைப்பதில் தவறில்லை, கூகுள் ஏற்கும். ஆனால் அதைக் கொப்பி எடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். நுவரெலியா என்ற ஒரு சொல் 81 எழுத்தாகும். தானாக ஸ்லக் செய்யும் கருவிகள் பல, ஆங்கிலம் அல்லாதவற்றை அப்படியே நீக்கிவிட்டு வெறும் கோட்டை மிச்சம் வைக்கும். எங்கள் பரிந்துரை: முகவரி ஒலிபெயர்ப்பில், தலைப்பு தமிழில்.

கூகுள் தானாக வேறு தலைப்புப் போடுகிறது

மூலத்தில் டைட்டில் சரியாக இருந்தும் கூகுள் மாற்றினால் அது கூகுளின் தெரிவு. காரணங்கள் சில: எல்லாப் பக்கத்திலும் ஒரே வால், சொற்களை அடுக்கிய தலைப்பு, பக்கத்தில் தெரியும் முதன்மைத் தலைப்பான ஹெச்1க்கும் டைட்டிலுக்கும் தொடர்பில்லாமை. நம் தளங்களில் இன்னொன்று அடிக்கடி நடக்கும். 2022இல் கூகுள் அறிவித்தபடி, பக்கத்தின் மொழியும் டைட்டிலின் மொழியும் அல்லது எழுத்தும் பொருந்தாவிட்டால் அது பக்கத்தின் மொழியில் வேறு தலைப்பைத் தேடிப் போட முயலும். தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கில டைட்டில் வைத்தால் கூகுளுக்கு நீங்களே வேலை கொடுக்கிறீர்கள்.

டிஸ்கிரிப்ஷனுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்து ஒரு வரி வருவது பிழையல்ல, விட்டுவிடுங்கள். கீவேர்ட்ஸ் மெட்டாவைக் கூகுள் பார்ப்பதில்லை என்று 2009இலேயே சொல்லிவிட்டது. அந்தப் புலத்தை சிஎம்எஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டால் ஆசிரியருக்கு ஒரு வேலை குறையும்.

வட்ஸ்அப்பில் படம் வரவில்லை

மலையகத்தில் ஒரு தளத்தின் இணைப்பு கைமாறுவது அதிகமும் வட்ஸ்அப்பில்தான். கூகுளுக்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள்.

முதலில் ஓஜி இமேஜின், அதாவது பகிரும்போது முன்காட்சியில் வரும் படத்தின், முகவரியைப் பாருங்கள். அது ஹெச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கும் முழு முகவரியாக இருக்க வேண்டும். ஸ்ட்ராபி, படங்களைத் தன் வட்டிலேயே வைத்திருந்தால், அப்லோட்ஸ் என்று தொடங்கும் அரை முகவரியைத் தரும். கன்டென்ட்ஃபுல் இரண்டு சாய்கோட்டோடு தொடங்கும் முகவரியைத் தரும். இரண்டையும் உலாவி புரிந்துகொள்ளும், வட்ஸ்அப் புரிந்துகொள்ளாது. லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று வந்தால், நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் தளத்தின் முகவரியைச் சொல்லும் மெட்டாடேட்டாபேஸ் அமைக்கப்படவில்லை. பில்ட் பதிவில் அதற்கான எச்சரிக்கை கிடக்கும்.

முகப்பில் படம் வருகிறது, உட்பக்கத்தில் இல்லை என்றால், நெக்ஸ்ட் ஜேஎஸ் மெட்டா தரவை மேலோட்டமாகத்தான் ஒன்றுசேர்க்கிறது என்பதை நினைவில் வையுங்கள். உட்பக்கம் ஓப்பன்கிராப்பில் (ஓஜி குறிகளின் தொகுப்பு) தலைப்பை மட்டும் கொடுத்தால், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான லேஅவுட்டில் இருந்த ஓப்பன்கிராப் முழுவதும், படம் உட்பட, போய்விடும். உட்பக்கத்திலும் படத்தைத் திரும்பக் கொடுங்கள்.

பிறகு எடை. கைப்பேசியில் எடுத்த 4000 புள்ளி அகலப் படம் பல எம்பி இருக்கும். 1200க்கு 630 அளவில், ஜேபெக்காக, 300 கேபிக்குள் வையுங்கள். 600 கேபியைத் தாண்டினால் வட்ஸ்அப் படத்தைக் கைவிடலாம். ஸ்ட்ராபி பெரிய படங்களுக்கு 1000, 750, 500 புள்ளி அகல நகல்களைத் தானே செய்து வைக்கும். அவசரத்துக்கு அந்த 1000 புள்ளி நகலை ஓஜி இமேஜாகக் கொடுக்கலாம். எஸ்விஜி வேண்டாம். படத்தைத் தெரிவு செய்வதிலும் ஒரு வார்த்தை: மூடுபனி சூழ்ந்த மலைப் படம் முழுத்திரையில் மனதை அள்ளும், வட்ஸ்அப்பின் சிறு கட்டத்தில் வெள்ளைத் தாள்போல் தெரியும். நிறம் அழுத்தமான படம் எடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு மட்டும் வராவிட்டால் சிக்னலைக் கேளுங்கள். வட்ஸ்அப் முன்காட்சியை அனுப்புபவரின் கைப்பேசியே எடுக்கிறது. சிக்னல் குறைந்த தோட்டப் பள்ளத்திலிருந்து இணைப்பை ஒட்டி உடனே அனுப்பினால், எடுத்து முடியுமுன் செய்தி போய்விடும். முன்காட்சி தோன்றும்வரை பொறுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பிய செய்தி மாறாது. புதிய படத்தைப் பரிசோதிக்க முகவரியின் முடிவில் கேள்விக்குறியும் ஒரு எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். பேஸ்புக்கிற்கு அதன் ஷேரிங் டீபகரில் மறுபடி வாசிக்கச் சொல்லும் பொத்தான் இருக்கிறது.

தானாகச் செய்யும் படத்தில் தமிழ் உடைகிறது

தலைப்பைப் படத்தில் பொறித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓஜி இமேஜ் செய்யும் வசதி நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் உண்டு. ஆங்கிலத்துக்கு அருமை. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். அதற்கு அடியில் இருக்கும் சடோரி என்ற நிரலகம், எழுத்துருவின் ஓப்பன்டைப் விதிகளை ஓட்டுவதில்லை. எகர, ஒகரக் குறிகளை எழுத்துக்கு முன்னால் கொண்டுவரும் கோர்ப்பு வேலையும் அதில் நடப்பதில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

உலாவியை நிரலால் இயக்கும் பப்பெட்டியர் அல்லது பிளேரைட் கொண்டு ஒரு சிறு ஹெச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து படம் பிடியுங்கள். உலாவி தமிழைச் சரியாகவே கோர்க்கும். எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டிகள் வந்தால் அது வேறு நோய்: லினக்ஸ் சேவையகத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள்.

சிங்களத்தில் தேடினால் தமிழ்ப் பக்கம் வருகிறது

ஒரு பக்கத்தின் மற்ற மொழிப் பதிப்புகளைக் கூகுளுக்குச் சுட்டும் ஹெச்ரெஃப்லாங் குறிகளில் மொழிக் குறியீட்டைப் பாருங்கள். தமிழுக்கு டீ-ஏ, சிங்களத்துக்கு எஸ்-ஐ, ஆங்கிலத்துக்கு ஈ-என். எஸ்-எல் என்று போட்டால் அது ஸ்லோவேனிய மொழி. எஸ்-என் என்றால் ஷோனா. எல்-கே இலங்கையின் நாட்டுக் குறியீடு, மொழி அல்ல. டீ-ஏ-க்குப் பின்னால் கோடு போட்டு எல்-கே எழுதலாம், தனியாக எழுதக் கூடாது.

குறியீடு சரியென்றால் பரஸ்பரத்தைப் பாருங்கள். தமிழ்ப் பக்கம் சிங்களத்தைச் சுட்டினால் சிங்களமும் தமிழைச் சுட்ட வேண்டும், ஒவ்வொன்றும் தன்னையும் சுட்ட வேண்டும். ஒருபக்கச் சுட்டலைக் கூகுள் புறக்கணிக்கும். மொழிபெயர்க்காத பக்கத்துக்குக் குறி போட வேண்டாம். அந்தப் பதிவுக்கு எந்த மொழிகள் உண்டு என்பதை ஸ்ட்ராபியின் லொகலைசேஷன்ஸ் பட்டியலிலிருந்து எடுங்கள். மூன்று மொழியையும் நிரலில் நிரந்தரமாக எழுதிவைத்தால் இல்லாத பக்கங்களைச் சுட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையா? ஹெட்டுக்குள் ஏதாவது படமோ ஐஃப்ரேமோ இருக்கிறதா பாருங்கள். விளம்பரக் கண்காணிப்புத் துண்டுகளை ஒட்டும்போது வந்துவிடும். ஹெட்டில் இருக்கக் கூடாத ஒரு உறுப்பைக் கண்ட இடத்தோடு கூகுள் ஹெட் முடிந்தது என்று கொள்ளும். அதற்குக் கீழே உள்ள குறிகள் கணக்கில் வராது. அந்தத் துண்டைப் பொடிக்கு நகர்த்துங்கள்.

பக்கம் கூகுளில் ஏறவே இல்லை

கூகுளின் சேர்ச் கொன்சோலில் அந்த முகவரியைச் சோதியுங்கள், காரணத்தை அதுவே சொல்லும். நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற கட்டளை) என்றால் மூலத்தில் மட்டும் தேடாமல் சேவையகம் பக்கத்தோடு அனுப்பும் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்ற தலைப்புரையிலும் தேடுங்கள். வேர்ட்பிரஸ்ஸை ஹெட்லெஸ்ஸாக வைத்திருப்பவர்கள், பின்தளம் கூகுளில் வரக் கூடாதென்று அமைப்புகளில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் சரி போடுவார்கள். யோஸ்ட் என்ற எஸ்ஈஓ செருகுநிரல் அந்த நோஇண்டெக்ஸை ஏபிஐ வழியாக அனுப்ப, நிரல் அதை அப்படியே முன்தளத்தில் எழுதிவிடும். யோஸ்ட் தரும் கனோனிக்கலும் பின்தள முகவரியோடுதான் வரும். ரோபோட்ஸ், கனோனிக்கல் இரண்டையும் யோஸ்ட்டிலிருந்து எடுக்காமல் உங்கள் நிரலிலேயே எழுதுங்கள்.

கனோனிக்கல் வேறு பக்கத்தைச் சுட்டுகிறது என்றால் லேஅவுட்டைத் திறவுங்கள். அங்கே முகப்பின் முகவரியைக் கனோனிக்கலாகக் கொடுத்திருந்தால், தனக்கென்று கொடுக்காத பக்கங்கள் எல்லாம் அதை வாங்கிக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் முகப்பின் நகல்கள் என்று தளம் முழுவதும் கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கும். தமிழ்ப் பக்கத்தின் கனோனிக்கல் தமிழ்ப் பக்கமே, ஆங்கிலப் பக்கம் அல்ல.

ரோபோட்ஸ் டெக்ஸ்ட் கோப்பில் தடுத்த பக்கத்துக்கு நோஇண்டெக்ஸும் போடுவது பயனற்றது. உள்ளே வர விடாதபோது நோஇண்டெக்ஸைக் கூகுள் எப்படி வாசிக்கும்?

சைட்மேப்பில் (கூகுளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியல்) சரியாக 25 பக்கம் மட்டும் இருக்கிறதா? ஸ்ட்ராபி ஒரு தடவைக்கு இயல்பாக 25 பதிவுதான் தரும், கேட்டால் 100 வரை. கன்டென்ட்ஃபுல்லுக்கு 100, கேட்டால் 1000. பக்கம் பக்கமாகச் சுற்றிக் கேட்கும்படி எழுதுங்கள்.

டிஸ்கிரிப்ஷனில் ஒப்ஜெக்ட் ஒப்ஜெக்ட், வரைபடத்தில் வடதுருவம்

முதலாவது, ரிச் டெக்ஸ்ட் புலத்தை அப்படியே டிஸ்கிரிப்ஷனில் போட்டதால் வருவது. அது எழுத்து அல்ல, கட்டமைப்பு. டிஸ்கிரிப்ஷனுக்குத் தனியாக ஒரு சாதாரண எழுத்துப் புலம் வையுங்கள்.

இரண்டாவது, தங்குமிடத்தின் இடம், தொலைபேசி போன்ற விவரங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் ஜேசன்-எல்டியில். நுவரெலியா ஏறக்குறைய வடக்கு 6.95, கிழக்கு 80.79. லேட்டிடியூடில் 80ஐயும் லொஞ்சிடியூடில் 6ஐயும் மாற்றிப் போட்டால் தங்குமிடம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். சிஎம்எஸ்ஸில் லேட்டிடியூடுக்கு 5.5 முதல் 10 வரை, லொஞ்சிடியூடுக்கு 79 முதல் 82 வரை என்று எல்லை போட்டுவிட்டால் இலங்கைக்குள் இந்தப் பிழை நுழையாது. தொலைபேசி எண்ணைப் பிளஸ் 94, 52 என்று தொடங்குங்கள். 052இன் பூச்சியம் அங்கே வராது. நாடு எல்-கே, நாணயம் எல்கேஆர், நுவரெலியாவின் தபால் குறியீடு 22200.

மாற்றியாயிற்று, இன்னும் பழையதுதான் வருகிறது

மூலத்தைப் பாருங்கள். மூலத்தில் பழையது என்றால் தளம் மறுபடி கட்டப்படவில்லை. மாற்றம் நடந்ததும் தளத்துக்குச் செய்தி அனுப்பும் சிஎம்எஸ்ஸின் வெப்ஹூக் பதிவில் 200 (வெற்றி) வந்ததா, 401 (அனுமதி மறுப்பு) வந்ததா? 401 என்றால் இரகசியச் சொல் இரண்டு பக்கமும் பொருந்தவில்லை. வெப்ஹூக் போகவேயில்லை என்றால் அது புதிய பதிவுக்கு மட்டும் அமைக்கப்பட்டிருக்கும். வெளியிடல், மாற்றம், வெளியீட்டை நீக்கல் மூன்றுக்கும் அமையுங்கள். பில்ட் ஓடியும் பழையது வந்தால் சானிட்டியில் யூஸ்சிடிஎன் அமைப்பைப் பாருங்கள். பில்ட் நேரத்தில் அது ஃபோல்ஸ் ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமித்து வைத்த பழைய பதிலே வரும்.

மூலத்தில் புதியது, கூகுளில் மட்டும் பழையது என்றால் நிரலைத் தொட வேண்டாம். சேர்ச் கொன்சோலில் அந்த முகவரிக்கு ஒரு தடவை இண்டெக்ஸிங் கேளுங்கள். சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். திரும்பத் திரும்பக் கேட்பதால் கூகுள் சீக்கிரம் வராது.